தண்ணீர் இறங்கும் பள்ளத்தாக்கு

பனிஹால் மலையின் வடக்கு அடிவாரத்தில், பைன் காடு முடிகிற இடத்தில் வேரிநாக் ஊற்று இருக்கிறது. ஜீலம் நதி இங்கேதான் பிறக்கிறது என்பார்கள். எட்டு மூலை கொண்ட கல் தொட்டி, அதைச் சுற்றிலும் வளைவு வளைவாகக் கல்மாடங்கள். நீலமும் பச்சையும் கலந்த தண்ணீர் அசையாமல் நிற்பதுபோல் தெரிகிறது. மீன்கள் ஆழத்தில் திரும்பும்போது அவற்றின் துடுப்புகூடத் தெரிகிறது. சலனமே இல்லாத இந்தத் தொட்டியை விட்டுத் தண்ணீர் வெளியே பாயும் வாய்க்காலுக்கு வந்து நின்றால்தான் அடியிலிருந்து எவ்வளவு ஊறுகிறது என்பது பிடிபடும். நேராக வெட்டிய அந்தக் கல் வாய்க்காலில் இறங்கி நிற்க யாராலும் முடியாது. அவ்வளவு வேகம், அவ்வளவு குளிர்.

தொட்டியை 1620 இல் கட்டியவர் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர். வாய்க்காலும் தோட்டமும் அவர் மகன் ஷாஜகான் காலத்தில் முடிந்தன. வேரிநாக்கில் தன்னைப் புதைக்க வேண்டும் என்று ஜஹாங்கீர் ஆசைப்பட்டதாகச் சொல்வார்கள். 1627 இல் காஷ்மீரிலிருந்து திரும்பும் வழியில் அவர் இறந்தார். உடலை லாகூருக்குக் கொண்டுபோனார்கள்.

காஷ்மீரில் பார்க்க வேண்டியவை என்று சுற்றுலாக்காரர்கள் நீட்டும் அட்டையில் ஏரிகள் ஒரு பக்கம், தோட்டங்கள் ஒரு பக்கம் இருக்கும். வேரிநாக்கைப் பார்த்த பிறகு அந்தப் பிரிவினை எனக்குப் பொருளற்றதாகப் பட்டது. இங்கே தோட்டம் என்பதே தண்ணீர் மலையிலிருந்து ஏரிக்குப் போகும் வழியில் சற்று உட்கார்ந்து போகும் இடம். ஆகவே அட்டையை மடித்து வைத்துவிட்டு, தண்ணீர் போகும் வழியே போவது என்று முடிவு செய்தோம். வேரிநாக்கிலிருந்து ஸ்ரீநகர், தால் ஏரி, அப்புறம் சோபூர், கடைசியில் வூலர் ஏரி.

இந்தப் பள்ளத்தாக்கே ஒரு காலத்தில் ஏரி. சதீசரஸ் என்ற அந்தப் பெரும் ஏரியில் ஜலோத்பவன் என்ற அசுரன் ஒளிந்திருந்தான், காசியப முனிவரின் வேண்டுதலால் மலை பிளக்கப்பட்டு நீர் வடிந்தது என்று நீலமத புராணம் சொல்கிறது. நிலவியல்காரர்களும் தங்கள் வழியில் இதையேதான் சொல்கிறார்கள். 135 கிலோமீட்டர் நீளமும் 32 கிலோமீட்டர் அகலமும் கொண்ட இந்தப் படுகையில் நின்ற நீர், பாரமுல்லா பக்கம் மலை இடுக்கு வழியாக வெளியேறியது. அந்த ஏரியின் அடியில் படிந்த வண்டல்தான் இன்று கரேவா என்று அழைக்கப்படும் மேட்டுநிலங்கள். நெடுஞ்சாலையில் பாம்போரைக் கடக்கும்போது இரு பக்கமும் அந்த மேடுகள் வருகின்றன. நாங்கள் போனது ஐப்பசியின் முற்பகுதி. குங்குமப்பூ பூக்கும் சில வாரங்களுக்குள் சரியாக மாட்டிக்கொண்டோம். வெறும் கட்டாந்தரைபோல் கிடக்கும் மண்ணில், இலைகூடச் சரியாக விரியாமல், ஊதாப் பூக்கள் மட்டும் தரையை ஒட்டி நிற்கின்றன. ஒரு குடும்பமே குனிந்து பறித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பூவிலும் மூன்றே சிவப்பு இழைகள். ஒரு கிராம் சேர சுமார் 150 பூக்கள் வேண்டும். பழைய ஏரியின் அடிமண், தண்ணீர் தேங்காத மேடு, இரவுக் குளிர் மூன்றும் சேர்ந்தால்தான் இந்தக் கிழங்கு பூக்கும் என்று அந்த வீட்டுப் பெரியவர் சொன்னார். பனிக்காலம் நெருங்குவதால் எல்லோரும் பெரான் அங்கி போட்டிருந்தார்கள்.

ஸ்ரீநகரின் தோட்டங்களை நான் மேலிருந்து கீழாகப் பார்த்தேன். பெரும்பாலானவர்கள் சாலையிலிருந்து உள்ளே நுழைந்து மேலே ஏறி, படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். ஷாலிமாருக்குப் போகிறவர்கள் முடிந்தால் முதலில் ஹார்வன் பக்கம் போய்விட்டு வர வேண்டும். தாச்சிகாம் காட்டு மலைகளிலிருந்து வரும் ஓடைகள் அங்கேதான் சமவெளியைத் தொடுகின்றன. அந்த ஓடைத் தண்ணீரில் ஒரு பங்கு வாய்க்கால் வழியாக ஷாலிமாரின் மேல் தளத்துக்குள் நுழைகிறது. மோட்டார் இல்லாத காலத்தில் இத்தனை நீரூற்றுகளும் சரிவின் அழுத்தத்தில் மட்டுமே பீய்ச்சியடித்தன என்பதை அந்தச் சரிவில் நடந்து வந்த கால்கள் நம்புகின்றன.

ஷாலிமாரை 1619 இல் ஜஹாங்கீர் தொடங்கினார். மேல் பகுதி ஷாஜகான் காலத்தில், 1630 வாக்கில் சேர்ந்தது. மூன்று பெரிய தளங்கள். கீழ்த்தளம் பொதுமக்களுக்கு, நடுத்தளம் அரசவைக்கு, மேல்தளம் அந்தப்புரத்துக்கு. நடுவே ஓடும் கால்வாய்க்கு மேல், அருவிக்குச் சற்று முன்னால் ஒரு கறுப்புக் கல் மேடை இருக்கிறது. அரசர் அதில் உட்கார்ந்தால் தண்ணீர் அவருக்கு அடியில் ஓடி முன்னால் விழும். மனுக் கொடுக்க வந்தவர்களுக்கு அந்தக் காட்சி என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

எனக்குப் பிடித்தது அந்த மேடையைவிட, மேல்தளத்து அருவிக்குப் பின்னால் இருக்கும் சுவர். சீனி கானா என்பார்கள். சுவர் முழுக்க வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன மாடங்கள், நம் வீட்டு விளக்குமாடம் அளவுக்கு. பகலில் அந்த மாடங்களில் பூச்சாடிகள் வைப்பார்களாம், இரவில் விளக்குகள். முன்னால் தண்ணீர்த் திரை விழும், திரைக்குப் பின்னால் சுடர் நடுங்கும். இப்போது மாடங்கள் வெறுமையாக இருக்கின்றன. பாசி படிந்த ஒரு மாடத்துக்குள் சினார் இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. விரித்த கையளவு, ஐந்து விரல், நரம்பெல்லாம் இன்னும் பச்சை, நடுவே மட்டும் செந்நிறம் ஏறியிருந்தது. சினார் மரம் ஒரே நாளில் சிவப்பதில்லை. முதலில் மஞ்சள், பிறகு செம்பு நிறம், கடைசியில்தான் எரிகிற சிவப்பு. ஒரே மரத்தில் மூன்று நிறமும் இருக்கும் வாரத்தில் நாங்கள் போயிருந்தோம். பெண்கள் உதிர்ந்த சருகுகளைக் கோணிப்பையில் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். மூட்டம் போட்டுக் கரியாக்கி, பனிக்காலத்தில் காங்கிரிச் சட்டியில் போட்டு அங்கிக்குள் வைத்துக்கொள்வார்கள். அரசர் நட்ட மரம், ஏழை வீட்டுக்குச் சூடு.

நிஷாத் தோட்டம் 1633 இல் ஆசப் கான் போட்டது. ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜஹானின் அண்ணன், ஷாஜகானின் மாமனார். ஜபர்வான் மலையை முதுகில் சாய்த்துக்கொண்டு பன்னிரண்டு தளங்களாக ஏரியை நோக்கி இறங்குகிறது. மேல்படியில் நின்றால் தால் ஏரி முழுவதும் தோட்டத்தின் பதின்மூன்றாவது தளம்போல் விரிந்து கிடக்கும். மாமனாரின் தோட்டத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஷாஜகான் அதற்குப் போகும் தண்ணீரை நிறுத்தினார், எஜமானர் வாடிக் கிடப்பதைப் பொறுக்காத ஒரு பணியாள் துணிந்து மடையைத் திறந்துவிட்டான் என்று ஒரு கதை உண்டு. கதை நடந்ததோ இல்லையோ, அதன் உட்பொருள் உண்மை. தண்ணீரை நிறுத்தினால் முகலாயத் தோட்டம் செத்துவிடும். அதனால்தான் இன்று அதன் அடித்தளத்தை அறுத்துக்கொண்டு போகும் சாலையைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. படகில் வந்து இறங்கித் தோட்டத்துக்குள் ஏற வேண்டிய இடத்தில் இப்போது வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. ஷாலிமாருக்கும் ஏரியிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் இருந்தது. அன்றைய விருந்தாளி தண்ணீர் வழியாகவே வந்தான், தண்ணீருக்கு எதிராகவே ஏறினான்.

சஷ்மே ஷாஹி சிறியது. ஊற்றுத் தண்ணீரைக் குடிக்க வரிசை நிற்கிறது. ஷாஜகானின் மகன் தாரா ஷிகோ கட்டிய பரி மஹாலுக்கு மாலையில் போக வேண்டும், வெயில் ஏரியின் மேல் சாய்வதைப் பார்க்க. அதற்கு மேல் இரண்டைப் பற்றியும் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. முகலாயர் தோட்டங்களில் ஆறு, வேரிநாக்கும் சேர்த்து, 2010 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் காத்திருக்கின்றன.

காஷ்மீரின் மகத்தான தோட்டம் எது என்று என்னைக் கேட்டால், இந்த ஆறு தோட்டங்களில் எதையும் சொல்லமாட்டேன். அது ஏரிக்குள் மிதக்கிறது.

விடியலுக்கு முன்பே சிகாராக்காரர் வந்து படகுவீட்டின் படியில் நின்று குரல் கொடுத்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். போர்வையும் தலையணையும் உள்ள சுற்றுலா சிகாராவை விட்டுவிட்டு, எங்கள் விருப்பப்படி தட்டையான மரப்படகு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். துடுப்பின் அலகு அரசிலை வடிவத்தில் இருந்தது. நீர்முள்ளியும் நாணலும் உரசும் சந்துகள் வழியாக அரைமணி நேரம் போனோம். தால் ஏரி மொத்தம் 18 சதுர கிலோமீட்டர் அளவில் இருந்தாலும், திறந்த நீர்ப்பரப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அதன் உள்ளே ஊர்கள் இருப்பது தெரியாது. பள்ளி, மசூதி, ரொட்டிக் கடை, துணி காயும் கொடி, எல்லாம் தண்ணீருக்கு நடுவே. ஒரு சிறுமி தனியாகப் படகு தள்ளிக்கொண்டு காந்தூர் கடைக்கு ரொட்டி வாங்கப் போனாள்.

காய்கறிச் சந்தை கூடும் இடத்துக்கு வந்தபோது இன்னும் சரியாக விடியவில்லை. ஐம்பது, அறுபது படகுகள் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றின் முனையிலும் ஓர் ஆள் குந்தியிருந்தார். நூக்கல், முள்ளங்கி, டர்னிப், கட்டுக் கட்டாக ஹாக் கீரை. ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்குத் தராசு கைமாறுகிறது. இது மொத்த வியாபாரம். வெயில் ஏறுவதற்குள் முடிந்து, சரக்கு நகரத்துக் கடைகளுக்குப் போய்விடும். நடுவே ஒருவர் சமோவாரில் நூன் சாய் விற்றார். உப்பும் சோடாவும் போட்ட இளஞ்சிவப்புத் தேநீர். முதல் மடக்கு எனக்குப் புதிதாக இருந்தது, இரண்டாவது கோப்பையை நானே கேட்டு வாங்கினேன்.

சந்தை கலைந்ததும் எங்கள் படகுக்காரர் தன் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டு வகை உண்டு. கரையோரமோ ஆழம் குறைந்த இடத்திலோ ஏரிப்பாசியையும் சேற்றையும் மேலே மேலே கொட்டி, சுற்றிலும் வில்லோ மரம் நட்டு நிலமாக்குவது தெம்ப். உண்மையாகவே மிதப்பது ராத். நாணல் புல் வளரும் இடத்தில் அதன் வேர்கள் ஒன்றோடொன்று பின்னித் தடித்த பாயாகிவிடும். அந்த வேர்ப்பாயை அடியிலிருந்து அறுத்து, சுமார் ஆறடி அகலப் பட்டையாக்கி, வேண்டிய இடத்துக்கு இழுத்துவந்து, நான்கு மூலையிலும் வில்லோக் கழியைக் குத்தி நிறுத்துகிறார்கள். அதன்மேல் ஏரியின் அடியிலிருந்து நீண்ட கழியால் முறுக்கி எடுத்த பாசியையும் சேற்றையும் குவியல் குவியலாக வைக்கிறார்கள். ஒவ்வொரு குவியலிலும் கோடையில் வெள்ளரி, தர்பூசணி, தக்காளி. ஏரி உயர்ந்தால் தோட்டமும் உயரும், தாழ்ந்தால் தாழும். தண்ணீர் ஊற்ற வேண்டிய வேலையே இல்லை.

"இறங்கி நில்லுங்கள், ஒன்றும் ஆகாது" என்றார். நான் காலை வைத்ததும் தரை மெல்ல அமிழ்ந்து, குதிகாலைச் சுற்றித் தண்ணீர் கசிந்தது. கொஞ்சம் தள்ளி நின்ற அவர் எடையை மாற்றியபோது என் பாதத்துக்கடியிலும் அசைந்தது. கையால் ஓரத்தைப் புரட்டிக் காட்டினார். பழுப்பு வேர்கள், அதற்குள் கறுப்பு மண், மண்ணுக்குள் ஒரு நத்தை.

ஆங்கிலேய அதிகாரி வால்டர் லாரன்ஸ் 1895 இல் வெளியிட்ட காஷ்மீர் நூலில் இந்தத் தோட்டங்கள் திருடுபோவதைப் பற்றி எழுதியிருக்கிறார். இரவோடு இரவாகக் கயிறு கட்டி இழுத்துப் போய்விடுவார்களாம். பெரியவரிடம் கேட்டேன். தன் தந்தை காலத்தில் கேள்விப்பட்டதுண்டு என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "ராஜாக்கள் போட்ட தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது சாப். இதை நாங்கள் ஒரு வருஷம் பார்க்காவிட்டால் அழுகித் தண்ணீரோடு போய்விடும்."

இந்த மிதவைத் தோட்டங்கள் ஏரியைச் சுருக்குகின்றன என்ற குற்றச்சாட்டு உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ராத் மேல் மண் ஏற ஏற ஒருநாள் அது தரையாகி, தரைமேல் சுவர் எழுகிறது. ஏரிவாசிகளை நகரத்துக்கு வெளியே ரக்-இ-ஆர்த்தில் குடியமர்த்தும் வேலை பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஏரியைக் கெடுத்த பழியை முழுவதும் படகுவீட்டுக்காரர் தலையிலும் கீரைக்காரர் தலையிலும் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கரையில் நிற்கும் நகரத்தின் சாக்கடையும், மலையில் மரம் போனதால் வந்து சேரும் வண்டலும் கணக்கில் வர வேண்டும். பச்சைப் பாசியை இயந்திரப் படகுகள் வாரி எடுத்தபடியே இருக்கின்றன. அது வளரத் தீனி போடும் கழிவு நிற்காதவரை அந்த இயந்திரம் ஓயாது.

பழைய ஸ்ரீநகருக்குள் நடந்தபோது இதைவிடப் பெரிய வருத்தம் காத்திருந்தது. நல்லா மார் சாலை என்று ஓர் அகலமான சாலை. 15 ஆம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான் ஜைனுலாபிதீன் காலத்துக் கால்வாய் அது. தால் ஏரியின் உபரி நீரை நகரத்தின் நடுவே கொண்டுபோய் மேற்கே உள்ள ஏரிகளில் சேர்த்தது. கரையெல்லாம் படித்துறைகளும் பாலங்களும் இருந்தன. 1970களில் அதைத் தூர்த்துச் சாலை போட்டார்கள். ஏரிக்கு மூச்சு விடும் வழி ஒன்று அடைபட்டது. 2014 செப்டம்பரில் ஜீலம் கரையுடைத்து நகரத்துக்குள் வந்தபோது, வெள்ளம் பல பகுதிகளில் வாரக்கணக்கில் வடியாமல் நின்றது. எங்கள் படகுவீட்டுக்காரர் அந்த நாட்களில் சிகாராவை எடுத்துக்கொண்டு தெருக்களில் போய், மாடிகளில் நின்றவர்களை இறக்கியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இல்லை, யாரை எட்ட முடியவில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு விருந்தினர் வரத்து நின்று, தன் படகின் அறைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்ததையும் அவர் சொன்னார். தேவதாரு மரத்தில் செதுக்கிய அந்த அறைகளைப் பூட்டிவைத்தால் மரம் ஈரம் குடித்து உப்பிவிடும். ஆகவே ஆள் இல்லாவிட்டாலும் தினமும் சன்னல்களைத் திறந்து மூடியிருக்கிறார்கள்.

தால் கதவு வழியாக ஏரிநீர் ஜீலத்தோடு சேர்கிறது. வேரிநாக்கிலிருந்து வந்த தண்ணீரும் தாச்சிகாமிலிருந்து இறங்கிய தண்ணீரும் ஒன்றாகி வடமேற்கே போகின்றன. நாங்களும் போனோம்.

சோபூர் இன்று ஆப்பிள் மண்டிக்குப் பேர்போன ஊர். ஊரின் பெயர் சுய்யா என்ற ஒரு மனிதரிலிருந்து வந்தது. 9 ஆம் நூற்றாண்டில், அவந்திவர்மன் ஆண்டபோது, பள்ளத்தாக்கு வெள்ளத்தாலும் பஞ்சத்தாலும் நலிந்திருந்தது. மலைப்பாறைகள் சரிந்து நதியின் வழியை அடைத்திருந்தன. பிறப்பு தெரியாமல் தெருவில் கிடைத்து, சுய்யா என்ற எளிய பெண்ணிடம் வளர்ந்து, அவள் பெயரையே பெற்றவர் இவர். தன்னிடம் வழி இருக்கிறது என்று அரசனிடம் போய்ப் பானை பானையாகக் காசு வாங்கினார். படகேறிப் போய், அடைப்பு இருந்த இடத்தில் எல்லோரும் பார்க்க அந்தக் காசைத் தண்ணீரில் வீசினார். பைத்தியம் என்றார்கள். பசியில் இருந்த ஊர்மக்கள் காசுக்காக ஆற்றில் இறங்கி, பாறைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக் கரையில் போட்டார்கள். நதி திறந்தது. பிறகு நதியை ஏழு நாள் அணைகட்டி நிறுத்தி, அடியைத் தூர்வாரி, கரைகளுக்குக் கல் கட்டி, மீண்டும் விட்டார். ஒரு காரி அரிசி 200 தினாரிலிருந்து 36 தினாருக்கு இறங்கியது என்று, 12 ஆம் நூற்றாண்டில் ராஜதரங்கிணி எழுதிய கல்ஹணர் விலையோடு குறித்திருக்கிறார். காஷ்மீரின் அரசர்களில் பலரைவிட இந்தப் பொறியாளரைப் பற்றி அவர் பரிவோடு எழுதுகிறார். மலைக்கும் ஏரிக்கும் நடுவே தண்ணீருக்கு வழி விட்டவனே இந்த நாட்டை வாழவைத்தவன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சோபூரிலிருந்து வட்லப் பக்கம் ஏறினால் பாபா ஷுக்ருதீன் தர்கா இருக்கும் குன்று. அங்கிருந்து வூலர் ஏரி முழுவதும் தெரிகிறது. ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 1990 முதல் இருக்கும் ஏரி. ஜீலத்தின் வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடுவது இதன் வேலை. விறகுக்கும் ஆப்பிள் பெட்டிக்கும் என்று கடந்த நூற்றாண்டில் இதற்குள்ளேயே வில்லோ மரங்களை நட்டார்கள். வேர்கள் வண்டலைப் பிடித்து வைத்தன, ஏரி மேடாயிற்று. 1992 வெள்ளத்தில் தாமரையும் வண்டலுக்கடியில் போய்விட்டது. சமீப ஆண்டுகளில் மரங்களை லட்சக்கணக்கில் வெட்டி, வண்டலை அள்ளி எடுக்கிறார்கள். 2025 கோடையில், முப்பது வருடத்துக்கு மேல் காணாமல் போயிருந்த தாமரை பூத்தது.

கரைக்கு இறங்கினோம். ஒரு படகுக்காரர் நீண்ட கழியின் நுனியில் இருந்த கொக்கியால் சேற்றைத் துழாவி, ஒரு தாமரைக்கிழங்கை இழுத்து எடுத்தார். நத்ரு. தண்ணீரில் அலசி நறுக்கிக் காட்டினார். வெள்ளை வெளேரென்ற சதையில் வட்டமாக ஓட்டைகள், ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பிலும் கொஞ்சம் கருஞ்சேறு. முறித்தால் சிலந்தி நூல்போல் இழை நீள்கிறது. தயிரும் சோம்பும் போட்டு நத்ரு யக்னி வைப்பார்கள், மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். எங்கள் ஓட்டுநர் பேரம் பேசி இரண்டு கட்டு வாங்கினார். அவர் அம்மா வூலர் நத்ருவைச் சமைத்து அவர் பார்த்ததே இல்லையாம், தாமரை போனபோது அவர் பிறந்திருக்கவில்லை.

"அடுத்த வருஷமும் கிடைக்குமா?" என்று படகுக்காரரிடம் கேட்டார்.

"இந்தப் பக்கம் அள்ளிவிட்டார்கள், இங்கே கிடைக்கும்" என்றவர், நாணல் மண்டிக் கிடந்த வடகரையைத் துடுப்பால் காட்டினார். "அங்கே இன்னும் மிஷின் போகவில்லை. போனால் அங்கேயும் வரும். விதை உள்ளேதான் கிடக்கிறது."